பெயர் வேறு, பொருள் வேறு: ஆப்ஜெக்ட் பற்றிய கேள்வி பதில்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமைதோறும் நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். சென்ற வாரம் ஆப்ஜெக்ட் பாடம் முடிந்ததும் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அவர்களுக்கான பதில்கள் இவை. வேறு மொழியைக் குறிப்பிடாத இடங்களில் பேசுவது பைத்தான் என்ற நிரல்மொழி. பைத்தான் 3 மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க இடம் தருவதால் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

செந்தூல் மாணவி: அக்கா, கிளாஸ் என்பது வீட்டின் வரைபடம், ஆப்ஜெக்ட் என்பது வீடு என்று படித்தேன். படித்தும் விளங்கவில்லை.

அந்த உவமை எனக்கும் நிறைவு தருவதில்லை. கட்டிய வீடு அப்படியே நிற்கும்; ஆப்ஜெக்டின் நிலையோ மாறிக்கொண்டே இருக்கும். உங்கள் பையில் இருக்கும் டச் என் கோ பயணக் கட்டண அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் இருப்பு உண்டு, பயணம் செய்தால் குறையும், பணம் போட்டால் கூடும். இந்த விதிதான் கிளாஸ். உங்கள் அட்டையில் 18 வெள்ளி (ரிங்கிட்), என் அட்டையில் 4 வெள்ளி என்றால் அவை இரண்டு ஆப்ஜெக்ட்கள். செந்தூல் எல்ஆர்டி ரயில் நிலையத்தில் விதியை ஒப்பித்தால் தடுப்பு திறக்காது. அட்டையைத்தான் வைக்க வேண்டும்.

கெப்போங் வாசகர்: கிளாஸுக்குள் எழுதும் ஒவ்வொரு செயற்கூற்றிலும் (ஃபங்ஷன்) 'செல்ஃப்' எதற்கு?

தமிழ் தெரிந்தவருக்கு இது எளிது. "ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குப் போனார்" என்கிறோம். வாக்கியம் ஒன்று, வீடுகள் பல. அந்தத் 'தன்' என்ற சொல்லின் வேலையைத்தான் செல்ஃப் செய்கிறது. கட்டணம் கழிக்கும் விதியை ஒரு முறைதான் எழுதுகிறோம். எந்த அட்டையின் வழியாக அழைக்கிறோமோ அந்த அட்டையின் இருப்பு குறைகிறது. நம் அட்டைக் கிளாஸுக்குப் பயணஅட்டை என்று பெயர் வைப்போம். பயணஅட்டை(20) என்று எழுதியதும் பைத்தான் முதலில் நினைவகத்தில் ஓர் ஆப்ஜெக்டை உண்டாக்குகிறது. பிறகு அதையே செல்ஃப் ஆகக் கொடுத்துத் தொடக்கச் செயற்கூற்றை (__init__) ஓட்டுகிறது. 20 இருப்பாகப் பதிவது அங்கேதான்.

பத்துமலையிலிருந்து ஒரு தம்பி: கீழே உள்ளபடி எழுதினேன். மாற்றியது அட்டை2-ஐ மட்டும்தான். அட்டை1-உம் 5 காட்டுகிறது. பைத்தானில் பிழையா?

அட்டை1 = பயணஅட்டை(20)
அட்டை2 = அட்டை1
அட்டை2.இருப்பு = 5

பைத்தானில் பிழை இல்லை, தம்பி. என்னிடம் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பயணஅட்டை(...) எத்தனை முறை அழைக்கப்பட்டது? ஒரே முறை. ஆகவே ஆப்ஜெக்டும் ஒன்றுதான். இரண்டாம் வரி நகல் எடுக்கவில்லை. இருக்கிற ஆப்ஜெக்டுக்கு இன்னொரு பெயர் வைத்தது. வீட்டில் அப்பா, கடையில் முதலாளி என்று ஒரே ஆளுக்கு இரண்டு பெயர் இருப்பதில்லையா? தைப்பூசத்துக்கு அப்பா மொட்டை போட்டுக்கொண்டால் மறுநாள் கடையில் முதலாளியின் தலையிலும் முடி இருக்காது. செயற்கூற்றுக்கு ஆப்ஜெக்டை அனுப்பும்போதும் இதே கதைதான்: உள்ளே போவது அதே அட்டை.

உண்மையிலேயே இரண்டாவது அட்டை வேண்டுமென்றால் 'காப்பி' தொகுதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் கவனம். அட்டைக்குள் பயணங்களின் பட்டியல் ஒன்று இருந்தால், சாதாரண நகல் அந்தப் பட்டியலை நகலெடுக்காது. இருப்பு தனித்தனியாகிவிடும்; பட்டியல் மட்டும் பொதுவாகவே நிற்கும். உள்ளே இருப்பவையும் பிரிய வேண்டுமானால் 'டீப்காப்பி' தேவை.

செராஸ் வாசகி: வாழையிலை உணவகம் ஒன்றுக்கு நிரல் எழுதுகிறேன். மேசை 2-இல் கேட்ட தே தாரேக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்), மேசை 5-இன் கணக்கிலும் ஏறுகிறது.

வெற்றுப் பட்டியலைக் கிளாஸின் உடலில் எழுதியிருப்பீர்கள். அங்கே எழுதினால் எல்லா மேசைக்கும் ஒரே பட்டியல். அதைத் தொடக்கச் செயற்கூற்றுக்குள் கொண்டுபோய்ச் செல்ஃபோடு சேர்த்து எழுதுங்கள். மேசைக்கு ஒன்று கிடைக்கும். பட்டியலுக்குப் பதில் எண் இருந்திருந்தால் இந்தத் தவறு வெளியே தெரிந்திருக்காது, ஏனென்றால் செல்ஃப் வழியாக மதிப்பு கொடுத்தவுடன் அந்த மேசைக்கென்று தனி எண் உண்டாகிவிடும். இத்தனை நாள் கண்ணில் படாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

பங்சார் வாசகர்: ஜாவா நிரல்மொழியில் இரண்டு 'இன்டிஜர்' (முழு எண்) ஆப்ஜெக்ட்களை இரட்டைச் சமக்குறியால் (==) ஒப்பிட்டேன். இரண்டிலும் 127 இருந்தால் உண்மை, 128 இருந்தால் பொய் என்கிறது!

ஆப்ஜெக்ட்களுக்கு நடுவில் அந்தக் குறி கேட்பது "இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா?" என்று, மதிப்பை அல்ல. ஒரே பெயர் கொண்ட இருவருக்கு மைகார்டு அடையாள அட்டையின் 12 இலக்க எண் வேறாக இருப்பதுபோல. எண்ணை நேரடியாகக் கொடுக்கும்போது -128 முதல் 127 வரை ஜாவா ஏற்கெனவே வைத்திருக்கும் ஆப்ஜெக்டையே தருகிறது; அதைத் தாண்டினால் பொதுவாகப் புதிதாக உண்டாக்குகிறது. மதிப்பை ஒப்பிட 'ஈக்வல்ஸ்' எழுதுங்கள்.

அம்பாங் வாசகர்: உண்டாக்கிய ஆப்ஜெக்டை நானே அழிக்க வேண்டுமா?

ஜாவாவிலும் பைத்தானிலும் வேண்டாம். எந்தப் பெயரும் எட்டாத ஆப்ஜெக்டின் இடத்தை மொழியே மீட்டுக்கொள்ளும். திறந்த கோப்பை மட்டும் நீங்களே மூடுங்கள்.

கிள்ளான் வாசகர்: அலுவலகத்தில் எல்லாவற்றையும் கிளாஸாக எழுதச் சொல்கிறார்கள். தேவைதானா?

தேவையில்லை. கிளாஸ் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நார்வேயில் டால், நைகார்ட் இருவரும் 1960-களில் உருவாக்கிய சிமுலா மொழியில் பிறந்தது அது. நிஜ உலக நிகழ்வுகளைக் கணினியில் நடத்திப் பார்க்கவே அந்த மொழியைச் செய்தார்கள். உங்கள் ஊர்த் துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல்களை நிரலாக்கினால் ஒவ்வொன்றுக்கும் தன் சரக்கு, தன் முறை, தன் தாமதம் உண்டு. அங்கே கிளாஸ் எழுதுங்கள். வெள்ளியை இந்திய ரூபாயாக மாற்றும் கணக்குக்கு நினைவில் வைக்க எதுவுமில்லை. இரண்டு வரிச் செயற்கூறு போதும்.