நல்ல மனசோடுதான் எழுதினேன்

கேள்வி: எங்கள் ஊர் இலக்கியக் கூட்டத்தில் என் சிறுகதையை வாசித்தேன். விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதியது. கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் எழுந்து, “இது பெண்ணைக் கேவலப்படுத்துகிற கதை” என்றார்கள். என் நோக்கம் அதுவல்ல என்று எவ்வளவு விளக்கியும் அவர்கள் கேட்கவில்லை. எதையும் நோக்கத்தை வைத்துத்தானே எடைபோட வேண்டும்? பூசலார் மனதில் நினைத்தே கோயில் கட்டவில்லையா? (கதையை இணைத்திருக்கிறேன்.)
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், தாராபுரம்

பதில்: பூசலாரை நீங்களே இழுத்துவிட்டீர்கள், அங்கேயே ஆரம்பிப்போம். ‘நினைத்தாலே போதும்’ என்பதற்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பது நம் ஆட்களுக்கு வழக்கமாகிவிட்டது. பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டுகிற பூசலார், ஆசைப்பட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியவர் இல்லை. முதலில் எங்கெங்கோ பணம் தேடிப் பார்க்கிறார், ஒன்றும் தேறவில்லை, அப்புறம்தான் மனசுக்குள் கட்டத் தொடங்குகிறார். அங்கேயும் குறுக்குவழி கிடையாது. சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, கல்லும் மரமும் தச்சரும் தேடிப் பிடித்து, நல்ல நாளில் அடித்தளம் போட்டு, ராத்திரியும் கண் மூடாமல் விமானம் எழுப்பி, சுதை வேலை முடித்து, கிணறு, குளம், மதில் எல்லாம் ஆனபிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். காஞ்சியில் கற்கோயில் கட்டிய பல்லவ மன்னனின் கனவில் சிவன் வந்து, ‘நாளைக்கு நின்றவூரில் பூசலார் கட்டிய கோயிலில் குடியேறுகிறேன், உன் குடமுழுக்குக்கு நீ வேறு நாள் பார்’ என்றது அதற்கப்புறம். மனக்கோயிலுக்குக்கூடக் கிணறு வெட்டிய மனுஷரை வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு கதையைத் திருத்தாமல் தப்பிக்கப் பார்க்கிறீர்கள்.

நோக்கத்துக்கு மதிப்பே இல்லையா? உண்டு, ஆளை எடைபோடும்போது. வேண்டுமென்றே வண்டியை ஏற்றிக் கொன்றவனுக்கு ஆயுள் அல்லது தூக்கு. அஜாக்கிரதையாக ஓட்டி ஒருவரைச் சாகடித்தவனுக்குப் பொதுவாக 5 ஆண்டு வரைதான் சிறை. இந்த வித்தியாசம் நியாயமானதுதான். ஆனால் செத்தவர் வீட்டில் மாட்டியிருக்கிற படத்துக்கு இரண்டிலும் ஒரே மாலைதான். அந்தப் பெண்கள் உங்களைக் கெட்டவர் என்று சொல்லவில்லை, கதையைச் சொன்னார்கள். நீங்களோ உங்கள் நன்னடத்தைச் சான்றிதழை எடுத்து நீட்டியிருக்கிறீர்கள்.

நோக்கம் தப்பிப்போன கதைகளில் எனக்கு அடிக்கடி ஞாபகம் வருவது அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேருடையது. சோஷலிஸ்ட். 1904இல் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைப் பகுதியில் ஏழு வாரம் சுற்றி, புலம்பெயர்ந்து வந்த தொழிலாளிகளை முதலாளிகள் எப்படிச் சக்கையாகப் பிழிகிறார்கள் என்று நாவல் எழுதினார். ‘தி ஜங்கிள்’. புத்தகமாக 1906இல் வந்தது. நாடே கொதித்தது, தொழிலாளிக்காக இல்லை. நாம் தின்கிற கறியில் எலியும் ரசாயனமும் கலந்திருக்கிறதே என்று! அதே ஆண்டு ஜூனில் இறைச்சிப் பரிசோதனைக்கும் உணவு, மருந்துத் தூய்மைக்கும் இரண்டு சட்டங்கள் வந்தன. தொழிலாளியின் கூலிக்கு அப்படி எதுவும் வரவில்லை. “மக்களின் நெஞ்சுக்குக் குறி வைத்தேன், தற்செயலாக வயிற்றில் பட்டுவிட்டது” என்று அவரே நொந்துகொண்டார்.

தற்செயல் என்று அவர் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. கறி பற்றி வருவது மொத்த நாவலில் கொஞ்சம் பக்கம்தான், ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு படிக்கவேண்டிய பக்கங்கள். அவருடைய கொள்கை உரக்கப் பேசுவது கடைசி அத்தியாயங்களில், அங்கே கதாநாயகன் ஓரமாக உட்கார்ந்து பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறான். வாசகன் எதை நினைவில் வைத்துக்கொள்வான்? அவர் சொல்ல வந்ததையா, அவர் மூக்கில் ஏறிய நாற்றத்தையா?

சரி, உங்கள் கதை. படித்தேன், இரண்டு முறை. ஒன்பது பக்கக் கதையில் அந்த விதவைப் பெண் வாய் திறப்பது மூன்றே இடத்தில், அதில் இரண்டு இடத்தில் நன்றி சொல்கிறாள். ‘அவளுக்கு வாழ்க்கை கொடுத்தான்’ என்று நான்கு தடவை வருகிறது. அதற்கு முன்னால் அவள் வாழ்ந்துகொண்டிருந்ததற்கு என்ன பெயர்? தையல் மிஷின் வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்தவள் என்று நீங்களே இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் மறந்துவிட்டீர்கள். மறுமணத்தை ஆதரிப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு ஆண்பிள்ளையின் தர்ம காரியத்தை எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பெண்களின் காதில் விழுந்தது அதுதான், சரியாகத்தான் விழுந்திருக்கிறது.

நோக்கம் கொத்தனார் கையிலிருக்கிற தூக்குக்குண்டு மாதிரி. ஒவ்வொரு வரிசை செங்கல்லுக்கும் தொங்கவிட்டுப் பார்க்கவேண்டியது. சுவர் சாய்ந்தபிறகு, ‘என்னிடம் குண்டு இருந்தது சார்’ என்று எடுத்துக் காட்டி என்ன பிரயோசனம்? (எனக்கு வருகிற கதைகளோடு ‘இதன் நோக்கம் என்னவென்றால்’ என்று ஒரு கடிதமும் வரும். கதையைவிடச் சில சமயம் அதுதான் நீளமாக இருக்கும். அதை நான் கடைசியில்தான் பிரிப்பேன், பல நாள் பிரிப்பதே இல்லை.)

அந்த நான்கு ‘வாழ்க்கை கொடுத்தா’னையும் வெட்டுங்கள். கல்யாணம் வேண்டுமா வேண்டாமா என்று அவள் யோசிக்கிற ஒரு ராத்திரியை எழுதுங்கள், முடிவு என்னவாக வந்தாலும் சரி. பிறகு அதே கூட்டத்துக்குப் போய் வாசித்துவிட்டு, ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் உட்காருங்கள். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.