போலோ 1.0 டிஎஸ்ஐ காரில் எக்ஸாஸ்டை மாற்றினால் பவர் கூடுமா? எதை மாற்ற வேண்டும்?

கூடும், ஆனால் பின்னால் தொங்கும் சைலன்சரை மாற்றுவதால் அல்ல. கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது அதைத்தான். அதில் மாறுவது சத்தம் மட்டுமே. டர்போ (புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள காரில் வித்தியாசம் தெரிவது டர்போவை ஒட்டி வரும் முதல் குழாயில், அதாவது டவுன்பைப்பில்.

டர்பைனை, அதாவது டர்போவின் புகைப்பக்க விசிறியைச் சுழற்றுவது அதன் முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். பின்பக்க அழுத்தம் குறைந்தால் டர்போ சீக்கிரம் வேகமெடுக்கும், புகையை வெளியே தள்ள இன்ஜின் படும் பாடும் குறையும். ‘கொஞ்சம் பேக் பிரஷர் இருந்தால்தான் டார்க் வரும்’ என்று பட்டறைகளில் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். டர்போவுக்குப் பின்னால் அந்த அழுத்தத்தால் ஒரு லாபமும் இல்லை.

உங்கள் மூன்று சிலிண்டர் இன்ஜினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் பகுதி) சிலிண்டர் ஹெட்டோடு சேர்த்தே வார்க்கப்பட்டது. அதனால் அதற்குப் பதிலாகப் போடும் ‘ஹெடர்’ குழாய்கள் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாற்றக்கூடியவை டவுன்பைப், அதிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைப்பது), நடுக்குழாய், ரெசனேட்டர் (முழக்கத்தை அடக்கும் நடு டப்பா), சைலன்சர், அவ்வளவுதான். கம்பெனி கொடுத்த 110 பிஎஸ்ஸிலிருந்து ரீமேப் செய்து, அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றி, கொஞ்சம் மேலே போனாலும் 2¼ அங்குலக் குழாய் தாராளமாகப் போதும். 3 அங்குலம் 2 லிட்டர் இன்ஜினில் 300 குதிரைத்திறன் தேடுபவர்களுக்கானது. இந்தக் காரில் அதைப் போட்டால் எடை கூடும், ஸ்பீட் பிரேக்கரில் தட்டும், உள்ளே இரைச்சல் வரும்.

இரைச்சலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பலரும் காசு கொடுத்துப் போட்டதைக் கழற்றுவது அதனால்தான். நெடுஞ்சாலையில் 2,400 சுற்றில் போகும்போது நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 80 முறை வெடிக்கும், மூன்று சிலிண்டர் 60 முறைதான். அந்த 60 ஹெர்ட்ஸ் முழக்கத்தை ஒரு முனை அடைத்த கிளைக்குழாய் வைத்து அடக்க வேண்டுமானால் சூடான புகையில் ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் தேவை. போலோவின் அடியில் அதற்கு இடமில்லை. ஆகவே ரெசனேட்டரை வெட்டவே வெட்டாதீர்கள்.

அடுத்து கன்வெர்ட்டர். கம்பெனியில் வருவது சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 செல் (புகை போகும் சிறு துளை) வரை இருக்கும், ஹை-ஃப்ளோ வகை 200 அல்லது 300. அதை அடியோடு எடுத்துவிட்டால் கன்வெர்ட்டருக்குப் பின்னுள்ள ஆக்ஸிஜன் சென்சாரால் பி0420 (கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்ற பிழைக் குறியீடு) வரும், சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வாடை அடிக்கும், ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டிப் புகைச் சோதனையில் தோற்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி புகை, சத்த வரம்பை மீறினால் முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, லைசென்ஸும் 3 மாதம் போகும். தினமும் சாலையில் ஓட்டும் காரில் கம்பெனி டவுன்பைப்பையும் கன்வெர்ட்டரையும் தொடாதீர்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. கீழே சொல்வது டிராக்கில் ஓட்டும் கார்களுக்கு.

குழாய் மட்டும் மாற்றி மென்பொருளை அப்படியே விடக்கூடாது. பின் அழுத்தம் குறைந்ததும் வேஸ்ட்கேட் (டர்பைனுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் வால்வு) அதே அளவு திறந்திருந்தாலும் பூஸ்ட், அதாவது டர்போ தரும் காற்றழுத்தம், அதிகமாக ஏறும். பூஸ்ட் மீறியது என்ற பி0234 குறியீடு வந்து ஈசியூ (இன்ஜினின் கணினி) த்ராட்டிலை மூடிவிடும், கார் தலையில் தட்டியது மாதிரி நிற்கும். ரீமேப் செய்தபின் மூன்றாம் கியரில் முழு த்ராட்டில் கொடுத்து, ஈசியூ கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும், லாம்டாவும் (காற்று–பெட்ரோல் விகிதம்), இக்னிஷன் ரிடார்டும் (ஸ்பார்க்கை ஈசியூ தாமதப்படுத்தும் அளவு) ஸ்கேனரில் பதிவெடுத்துப் பாருங்கள்.

குழாய் வாங்கும்போது 304 ஸ்டெயின்லெஸ், 1.5 மிமீ கனம், மாண்ட்ரல் வளைவு (உள்ளே அச்சு வைத்து நசுங்காமல் வளைத்தது) என்று கேளுங்கள். சாதா வளைவில் குழாயின் உள்பக்கம் நசுங்கி விட்டம் குறைந்திருக்கும். டிக் வெல்டிங் செய்யும்போது உள்பக்கம் கருகாமல் இருக்கக் குழாய்க்குள் ஆர்கான் வாயு விட்டார்களா என்று ஒரு முனையில் டார்ச் அடித்துப் பாருங்கள். தையலோரம் கறுப்பாகப் பொரிந்திருந்தால் விடவில்லை. அந்தப் பொருக்கு உதிர்ந்து கன்வெர்ட்டரில் போய் அடைக்கும். ஃப்ளெக்ஸ் பகுதி (வளைந்து கொடுக்கும் பின்னல் துண்டு) இல்லாத டவுன்பைப் வேண்டவே வேண்டாம். 2 மீட்டர் 304 குழாய் 400 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 14 மிமீ நீளும். அதற்கு வழி விடாவிட்டால் விரிசல் விடுவது வெல்டிங்தான்.

மாட்டும் வேலை: முந்தின இரவே நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். ஆக்ஸிஜன் சென்சாரை 22 மிமீ பிளவு சாக்கெட்டால் (வயர் நுழையப் பக்கத்தில் வெட்டுள்ளது) எடுங்கள். திரும்ப மாட்டும்போது ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடிக்காமல் தடவும் பசை) மரையில் மட்டும், முனையில் படக்கூடாது. சென்சார் அமரும் துளை கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கிச் சென்சாருக்குள் உள்ள பீங்கான் வெடிக்கும். பழைய கேஸ்கெட்டையும் டர்போ நட்டுகளையும் மறுபடி போடாதீர்கள். எல்லா இணைப்பையும் கையால் மட்டும் முடுக்கி, ரப்பர் ஹேங்கர்களில் குழாயை நேராக்கி, டிரைவ் ஷாஃப்ட், பம்பர் எல்லாவற்றிலும் விரல் நுழையும் இடைவெளி பார்த்து, பிறகு டர்போ பக்கத்திலிருந்து பின்னோக்கி இறுக்குங்கள்.

முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது குழாயிலுள்ள எண்ணெய் எரிந்து புகை வரும், பயப்பட வேண்டாம். 150 கிலோமீட்டர் ஓடியபின் ஆறவைத்து எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள். பிறகு ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்மை (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) பாருங்கள். முன்பு பூஜ்யத்தை ஒட்டி இருந்தது ஐடிலில் மட்டும் +10 சதவீதத்தைத் தாண்டினால், கன்வெர்ட்டருக்கு முன்னுள்ள சென்சாருக்கும் முன்னால், இன்ஜின் பக்கம் எங்கோ காற்றை உள்ளே இழுக்கிறது. முதலில் சந்தேகப்பட வேண்டியது டர்போ–டவுன்பைப் கேஸ்கெட்டை.