கூட்டைக் காக்கும் மீனுக்குத் தூண்டில் போடலாமா?

தம்பி, கனடாவுக்கு வந்து எட்டு மாதம் என்கிறீர்கள். ஒன்ராறியோ மாகாணத்தின் பீற்றர்பரோ நகரத்துப் பக்கத்து ஏரிக்கரையில், முழங்கால் அளவுத் தண்ணீரில் பெரிய ஸ்மோல்மவுத் பாஸ் மீன்கள் நிற்கின்றன, இந்த மே மாதத்திலேயே தூண்டில் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடாதீர்கள். பிடித்துத் திரும்ப விடுவதற்காகக்கூட வேண்டாம். சட்டமும் அதற்கு இடம் தராது.

நீங்கள் கண்டது தகப்பன் மீன். தண்ணீர் 15 பாகை செல்சியஸை நெருங்கும்போது ஆண் மீன் வாலால் சரளைக் கல்லைத் துடைத்து வட்டமாகக் குழி பறிக்கும்; அதுதான் கூடு. பெண் முட்டையிட்டுப் போய்விடும்; காவல் முழுக்க ஆணுக்குத்தான். ஒருமுறை பாறையில் குப்புறப் படுத்து வெகுநேரம் பார்த்தேன். வெண்கல நிற உடம்பு, சிவந்த கண். செட்டையை ஓயாமல் அசைத்து முட்டைகளின் மேல் தண்ணீரை விசிறிக்கொண்டே நின்றது. கிட்ட வந்த சிறு மீனை விரட்டிவிட்டு அதே இடத்துக்குத் திரும்பியது. இந்த நாட்களில் அது சரியாக இரைகூட எடுக்காது. தூண்டிலைக் கவ்வுவது பசியால் அல்ல, பகை வந்துவிட்டதென்று. நீங்கள் அதைத் தூக்கிப் படம் எடுக்கும் நேரத்துக்குள் சுற்றி நிற்கும் மீன்கள் முட்டைகளைத் தின்றுவிடும். ஊரில் கடல் மீனோடு வளர்ந்த எனக்கும் இது புதிதாகத்தான் இருந்தது. வந்த வருடம் தெரியாமல் ஒன்றைத் தூக்கினேன். இன்றும் மனம் உறுத்துகிறது.

அந்தப் பகுதி ஒன்ராறியோவின் 17ஆம் மீன்பிடி வலயம். அங்கே பாஸ் பிடிக்கும் காலம் ஜூன் மூன்றாம் சனிக்கிழமை தொடங்குகிறது. போகுமுன் அந்த வருட விதிகளை ஒருமுறை பாருங்கள். 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் (மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் மாகாண அரசு தரும் அட்டை) மீன்பிடி அனுமதியும் வேண்டும். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் உங்களுக்கு உள்ளூர்வாசிக் கட்டணம்தான். குறைந்த விலை அனுமதியில் இரண்டு பாஸ் வைத்திருக்கலாம். ஒரு வீட்டுக் குழம்புக்கு அது தாராளம்.

ஜூன் கடைசியில், பீற்றர்பரோ வழியாக ஓடும் ஒட்டனபி ஆற்றுக்குப் போங்கள். பழுப்பும் பச்சையும் கலந்த டியூப் என்ற ரப்பர் இரையை வாங்குங்கள். இந்த மீன் விரும்பித் தின்னும் கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் போலவே அது தண்ணீரில் தெரியும். உயிருள்ள கிரேஃபிஷை ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோவது குற்றம். இரையைக் கல்லடியில் மெதுவாக இழுத்து வாருங்கள். தூண்டில் நரம்பில் 'டொக்' என்று ஒரு தட்டு வரும். உடனே இழுத்துக் கொளுவுங்கள்; அடுத்த கணம் மீன் தண்ணீருக்கு மேலே நிற்கும்.