ஈரல் புற்றுநோயை முளையிலேயே கிள்ளலாமா? வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே அந்தக் கலங்களை அழிக்கும் மருந்து வரப்போகிறது என்று படித்தேன். அப்பாவுக்கு சிரோசிஸ் (ஈரல் பழுதாகித் தழும்பேறி இறுகும் நோய்). அவருக்கு அது கிடைக்குமா? (வாசகி, உப்புவெளி)

இன்றைக்கு அப்படியொரு மருந்து பாவனையில் இல்லை மகள். ஆனால் நீங்கள் படித்தது வெறும் கதையும் இல்லை. ஈரல் வருடக்கணக்காகப் பழுதாகும்போது, செத்த கலங்களுக்குப் பதிலாகப் புதியவை பிறந்துகொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தில் சில கலங்கள் முதிர்ச்சியை இழந்து, பலவகைக் கலங்களாக மாறக்கூடிய ஸ்டெம் கலங்களைப்போல (ஸ்டெம் செல்) நடக்கத் தொடங்குகின்றன. அவை இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் ஆகக்கூடியவை.

2013இல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் ஆய்வாளர் மைக்கேல் கரின் குழுவினர் எலிகளின் ஈரலிலிருந்து இத்தகைய கலங்களைப் பிரித்தெடுத்தார்கள். வளர்வதற்குத் தேவையான இன்டர்லூக்கின்-6 என்ற அழற்சிப் பொருளை அவை தாமே சுரந்துகொள்வதையும் கண்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த விஷயம்தான். அந்தக் கலங்களை, தொடர்ந்து பழுதாகிக்கொண்டிருந்த ஈரலுக்குள் செலுத்தியபோது புற்றுநோய் வந்தது. நல்ல ஈரலுக்குள் செலுத்தியபோது வரவில்லை.

அப்படியென்றால் இன்டர்லூக்கின்-6ஐ அடக்கிவிட்டால் என்ன? காயப்பட்ட ஈரல் திரும்ப வளர்வதற்கும் அதே பொருள்தான் வேண்டும். சிரோசிஸ்காரருக்கு அதில் கைவைப்பது லேசான காரியமில்லை. கெட்ட கலத்தை மட்டும் தேடிப் பிடிக்கும் வழி வரும்வரை, பழுதை நிறுத்துவதுதான் நம் கையில் இருக்கும் மருந்து. அப்பா சாராயம், கசிப்பு, கள்ளு எதையும் தொடக்கூடாது. 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் ஸ்கான் செய்ய வேண்டும். ‘சுகமாகத்தானே இருக்கிறேன்’ என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். சின்னதாக இருக்கும்போது கண்டால் வெட்டி எடுக்கலாம், சுட்டு அழிக்கலாம். வலி வந்தபிறகு போனால் பெரும்பாலும் பிந்திவிடும்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஈரல் புதிதாக வளரும் என்கிறார்கள். காணியை விற்றாவது போடலாமா? (வாசகர், கிண்ணியா)

வேண்டாம் ஐயா. மேலே சொன்ன ஆய்வுக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை. சிரோசிஸைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்பட்ட ஸ்டெம் செல் ஊசி எதுவும் இன்று இல்லை. காணி உங்களிடமே இருக்கட்டும்.

நான் குடிப்பதேயில்லை. ஆனாலும் ஈரலில் கொழுப்பு என்று ஸ்கானில் வந்திருக்கிறது. (வாசகர், மூதூர்)

நீங்கள் தனியாள் இல்லை. ராகமையில் நடந்த ஆய்வொன்றில் நடுவயதினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது இருந்தது. பலருக்கு இது அத்தோடு நின்றுவிடும். சிலருக்கு, முக்கியமாக நீரிழிவும் சேர்ந்தால், குடிக்காமலேயே சிரோசிஸ் வரைக்கும் போகும். உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் கொழுப்போடு அழற்சியும் இறங்கும். 80 கிலோ என்றால் 6 முதல் 8 கிலோ. சோற்றைக் குறையுங்கள், சோடாவை விடுங்கள், தினமும் வேகமாக நடவுங்கள். சீனி போடாத கோப்பி குடிக்கலாம். கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பூஞ்சணம் பிடித்த கச்சானை வறுத்துச் சாப்பிடலாமா? (வாசகி, குச்சவெளி)

கூடாது. அதில் அஃப்ளாடொக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். அது ஈரல் புற்றுநோயை உண்டாக்குவது, வறுத்தாலும் முழுதாகப் போகாது. செத்தல் மிளகாய்க்கும் கொப்பராவுக்கும் இதே பேச்சுத்தான்.

கணவருக்கு ஹெபடைடிஸ் பி. பிள்ளைகளுக்கும் வருமா? (வாசகி, தம்பலகாமம்)

இது ஈரலைத் தாக்கி, நாளடைவில் புற்றுநோயும் வரச்செய்யக்கூடிய வைரஸ். இரத்தத்தாலும் உடலுறவாலும் பிரசவத்தின்போது தாயிடமிருந்தும் தொற்றும். ஒரே கோப்பையில் சாப்பிடுவதால் தொற்றாது. சவர பிளேட், பல் பிரஷ் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். இந்த வைரஸுக்கான தடுப்பூசியைக் குழந்தைகளுக்குப் போடுவதைத் தைவானில் 1984இல் தொடங்கினார்கள். பிறகு அங்கே சிறுவர்களின் ஈரல் புற்றுநோய் தெளிவாகக் குறைந்தது. இலங்கையில் 2003 முதல் குழந்தைகளுக்குப் போடுகிறார்கள். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளும் நீங்களும் முதலில் இரத்தம் சோதியுங்கள். தொற்றும் எதிர்ப்பும் இல்லையென்றால் மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். கணவர் கிளினிக்கைத் தவறவிடக்கூடாது. மாத்திரை கொடுத்திருந்தால், வைத்தியர் சொல்லாமல் ஒருநாளும் நிறுத்தக்கூடாது.