கரண்ட் இல்லாத தீவுக்கு மாமியாரோடு போகலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வரும் அக்டோபர் கடைசியில் அறுபது வயது நிறைகிறது. சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள், ஜொகூரில் மெர்சிங் பக்கம் ஒரு சின்னத் தீவில் ஒரு குடும்பமே நடத்தும் தங்குமிடத்துக்கு எங்கள் எல்லாரையும் மூன்று இரவு அழைத்துப் போக வேண்டும் என்கிறாள். அறைக்கு ஓர் இரவுக்கு 1,200 மலேசிய வெள்ளி. ஆனால் அங்கே டிஎன்பி (மின்சார வாரியம்) கரண்ட் கிடையாது, எல்லாம் சோலார்தான். தண்ணீரும் மழைத் தண்ணீராம். “குளுவாங் தோட்டத்தில் ராத்திரி பத்து மணிக்கு லைட்டை நிறுத்திவிடுவார்கள். அதை விட்டு வந்தவனிடம் காசு வாங்கிக்கொண்டு அதையே காட்டப்போகிறார்களா?” என்று இவர் கோபப்படுகிறார். 81 வயது மாமியார் வேறு இன்சுலின் போடுகிறார். அவரை விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. என்ன செய்வது? — செந்தூல் வாசகி

பதில்: போகலாம் சகோதரி, மாமியாரையும் அழைத்துக்கொண்டே போகலாம். ஆனால் அக்டோபர் கடைசியில் வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழை நவம்பர் வாக்கில் தொடங்கினால் பிப்ரவரி வரைக்கும் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிப்புதான். மெர்சிங் தீவுகளில் பெரும்பாலான தங்குமிடங்கள் அந்த மாதங்களில் மூடிவிடும். காற்று ஒரு வாரம் முந்திக்கொண்டால் உங்களுக்குப் படகு கிளம்பாது. அதைவிடச் சங்கடம், போன பிறகு திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வது. அறுபதாம் கல்யாணத்தை அக்டோபரில் உங்கள் வட்டாரத்துக் கோயிலிலேயே சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு முறையாகச் செய்துவிடுங்கள். தீவுக்கு அடுத்த ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவே, பள்ளி விடுமுறை இல்லாத ஒரு வாரமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டுக்காரர். அவருடைய கோபம் நியாயமானது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இருட்டின் அருமை பெருமை எல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு போய்விடும். அப்புறம் மண்ணெண்ணெய் விளக்குதான், காலையில் மூக்கெல்லாம் கரி. அந்த ஜெனரேட்டரை எப்போது நிறுத்துவது என்று தோட்ட நிர்வாகம் முடிவு செய்தது, லயத்துக்காரர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வளர்ந்தவரிடம் ‘கரண்ட் இல்லாத சொகுசு’ என்று சொன்னால் சுருக்கென்றுதான் இருக்கும். அவரிடம் வாதாடாமல், அங்கே என்னென்ன இருக்கிறது என்பதை மட்டும் மகளை விட்டு விளக்கச் சொல்லுங்கள். ஒழுங்காக நடத்தும் இடமென்றால் விடிய விடிய விளக்கு எரியும், காற்றாடி ஓடும். பகல் வெயிலைக் கூரைமேல் உள்ள தகடுகள் வாங்கி பேட்டரியில் சேர்த்து வைக்கும், ராத்திரிக்கு அதுதான் கரண்ட். மூன்று நான்கு நாள் வானம் மூடிக்கொண்டால் ஜெனரேட்டர் கைகொடுக்கும். கடற்கரைப் பக்கம் மட்டும் விளக்கு மங்கலாக இருக்கலாம். அந்தப் பகுதித் தீவுகளில் ஆமைகள் கரையேறி முட்டையிடும், வெளிச்சம் இருந்தால் ஆமைக்கும் குஞ்சுகளுக்கும் வழி தப்பிப்போகும். இதைச் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார் என்றே நினைக்கிறேன். போன அன்றைக்கே தங்குமிடத்தை நடத்துகிறவர்களிடம் பேட்டரி அறையைக் காட்டச் சொல்லட்டும். தாங்களே வைத்துப் பராமரிப்பதை வந்தவர்களிடம் காட்ட அவர்களுக்கு ஆசையாகத்தான் இருக்கும்.

விலை அதிகம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். அரிசி, கேஸ், டீசல், காய்கறி, பேட்டரி பழுதானால் பார்க்க வரும் ஆள் என்று எல்லாமே படகில் வந்தாக வேண்டும். உப்புக் காற்று ஓர் ஆணியைக்கூட விட்டுவைக்காது. வருடத்தில் மூன்று நான்கு மாதம் வரும்படியே இல்லை. இதெல்லாம் சேர்ந்ததுதான் அந்த 1,200. மூன்று வேளைச் சாப்பாடும் படகும் அதற்குள் அடக்கமா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கடல் சரியில்லாமல் படகு ஓடாவிட்டால் பணம் திரும்ப வருமா, தேதியை மாற்றித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஏர்கோன் இருக்கிறதா என்று கேட்க மறக்காதீர்கள். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனே ஏறக்குறைய 800 வாட் இழுக்கும், அதனால் பல இடங்களில் காற்றாடியும் கடல் காற்றும்தான், இல்லையென்றால் இத்தனை மணி நேரம் என்று கணக்கு. கெட்டில், முடி உலர்த்தும் கருவி இரண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு கெட்டில் 2,000 வாட், ஒரு காற்றாடி 50 வாட்தான். கெட்டில் ஓடும் நேரத்தில் நாற்பது காற்றாடி ஓட்டலாம். மாமியாருக்கு விடியற்காலை ஐந்து மணிக்குக் காப்பி வேண்டுமென்றால் முந்தின இரவே சமையலறையில் பிளாஸ்கில் வெந்நீர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது மாமியாரின் முழங்கால்தான். சின்னத் தீவுகளில் பல இடங்களில் படகுத்துறை இருக்காது, இருந்தாலும் தண்ணீர் வற்றும் நேரத்தில் படகு அதை ஒட்டி வர முடியாது. அப்போது ஆடும் படகின் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி மணலில் நடக்க வேண்டும். வயதானவர்களுக்கு அந்த ஓர் அடிதான் கண்டம். ‘81 வயது அம்மா வருகிறார், எப்படி இறக்குவீர்கள்?’ என்று நேராகக் கேளுங்கள். தண்ணீர் ஏறியிருக்கும் நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறோம், இரண்டு பேர் கைப்பிடித்து இறக்குகிறோம், இறங்க ஏணி வைத்திருக்கிறோம் என்று தெளிவாகச் சொல்பவர்களை நம்பலாம். படகில் அவரைப் பின்பக்கம் உட்கார வையுங்கள். முன்பக்கம் உட்கார்ந்தால் அலைக்கு அலை இடுப்பு அடிவாங்கும்.

மெர்சிங் ஆற்று வாய் ஆழமில்லாதது. கடல் நீர் ஏறுவதைப் பார்த்துத்தான் அங்கே படகு நேரம் வைப்பார்கள், நாளுக்கு நாள் மாறும். கோலாலம்பூரிலிருந்து விடியற்காலை கிளம்பி அடித்துப்பிடித்து ஓடாமல் முந்தின நாளே போய் மெர்சிங்கில் ஓர் இரவு தங்குங்கள். குளுவாங் வழியாகப் போனால் அவருக்கும் பழைய ஊரைப் பார்த்த மாதிரி இருக்கும்.

இன்சுலின் விஷயத்தில் நீங்கள் பயப்படுகிற அளவுக்குச் சிக்கல் இல்லை. உடைக்காத இன்சுலின்தான் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். போட்டுக்கொண்டிருக்கும் பேனா, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். மாமியாருடைய வகைக்கு என்ன கணக்கு என்று கிளினிக்கில் கேட்டுவிடுங்கள். கெடுப்பது கார் பூட் சூடும் படகில் அடிக்கும் வெயிலும்தான். குளிர்ப்பையில் வையுங்கள், ஆனால் ஐஸ் கட்டி நேரடியாகப் படக் கூடாது, உறைந்துபோன இன்சுலின் உதவாது. இரண்டு மடங்கு எடுத்து, இரண்டு பேர் பையில் பிரித்து வையுங்கள். உபரியைச் சமையலறை ஃபிரிட்ஜில் வைக்கக் கொடுத்துவிடலாம். தீவுக்குப் போய்ச் சாப்பிடலாம் என்று நம்பி மெர்சிங்கில் ஊசி போட்டுவிடாதீர்கள். படகு ஒரு மணி நேரம் தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும். சாப்பாடு கண் முன்னால் வந்த பிறகு போடலாமா என்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸும் சோதிக்கும் கருவியும் அவருடைய கைப்பையிலேயே இருக்கட்டும். ராத்திரி அவசரமென்றால் படகு எடுக்க ஆள் உண்டா, போன் லைன் கிடைக்குமா என்பதையும் கேட்டாக வேண்டும். 999 அழைக்கவும் லைன் வேண்டுமே.

சாப்பாட்டை இரண்டு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம், வெள்ளிக்கிழமை சைவம், மாமியாருக்குத் தயிர் என்று எல்லாவற்றையும். அங்கே போய்ச் சொன்னால் அவர்கள் எங்கே போவார்கள், கடையா இருக்கிறது? காலையில் பசியாறக் கொண்டுவந்து வைப்பவரே பிறகு உங்கள் அறையையும் கூட்டுவார். ஹோட்டல்போல நடு இரவில் மணியடிக்க முடியாது. குறை இருந்தால் முகத்துக்கு நேராகப் பக்குவமாகச் சொல்லுங்கள், உடனே சரிசெய்வார்கள். கழிவறை நீர் தொட்டிக்குத்தான் போகிறது, ஈரத் துடைப்பான் எதையும் உள்ளே போடக் கூடாது. மாமியாருக்கு டயப்பர் தேவையென்றால், பயன்படுத்தியதைக் கட்டித் திரும்ப எடுத்து வர ஒரு கெட்டியான பை கொண்டுபோங்கள்.

மகளை இந்த வாரமே அவர்களுக்கு எழுதச் சொல்லுங்கள். படகிலிருந்து இறக்குவதற்கும் ராத்திரி அவசரத்துக்கும் மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் உங்கள் குடும்பத்துக்கு வேண்டாம். அதே மெர்சிங்கிலிருந்து பெர்ரி ஏறி தியோமான் தீவுக்குப் போங்கள். தெக்கெக் கிராமத்தில் படகுத்துறையும் இருக்கிறது, அரசாங்கக் கிளினிக்கும் இருக்கிறது.