தீயணைப்புக் கருவிகளுக்கான தரநிலையில் மாற்றம் கேட்பது எப்படி? – கேள்வி பதில்

தீயணைப்பான், ஹோஸ் ரீல், அலாரம் போன்றவற்றுக்கான இந்தியத் தரநிலைகளை பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) திருத்தும்போது களத்தில் இருப்பவர்கள் எப்படிக் கருத்துச் சொல்லலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கேள்விகளைத் தொகுத்துப் பதில் தருகிறேன்.

சேஃப்டி ஆபீசர், திருப்பூர்: தீயணைப்பான் பற்றிய குறையை பி.ஐ.எஸ்.ஸில் யாருக்கு எழுதுவது சார்?

கருவியின் தயாரிப்புக்கு ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 15683, அதைத் தேர்ந்தெடுத்துப் பொருத்திப் பராமரிக்க ஐ.எஸ். 2190, அலாரத்துக்கு ஐ.எஸ். 2189. மூன்றும் சிவில் பிரிவின் கீழ் உள்ள சி.இ.டி. 22 என்ற தீயணைப்புக் குழுவின் பொறுப்பு. தேசியக் கட்டட விதித்தொகுப்பு சி.இ.டி. 46-இல் வரும். குழு மாறி எழுதினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். தரநிலையின் கடைசிப் பக்கங்களில் குழு உறுப்பு நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். எழுதுவதற்கு முன் அதைப் படியுங்கள். உங்கள் தொழிலுக்கு நெருக்கமான சங்கம் அதில் இருந்தால், அதன் பிரதிநிதியிடம் முதலில் பேசிவிடுவது நல்லது.

ரீஃபில் கடை, ஈரோடு: சின்னக் கடைக்காரன் நான். என் பேச்சை எடுத்துக்கொள்வார்களா?

வரைவு பொதுக்கருத்துக்கு வந்தபின் யார் வேண்டுமானாலும் கருத்து அனுப்பலாம், கட்டணம் கிடையாது. புதிய தரநிலை வேண்டும், இருப்பதைத் திருத்த வேண்டும், நீக்க வேண்டும் என்று எழுத்தில் முன்மொழிய மாநில அரசு, நுகர்வோர் அமைப்பு, தொழிற்கூடம், தொழில் சங்கம், தொழில்முறை அமைப்பு ஆகியோருக்கு 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதிகள் இடம் தருகின்றன. உங்கள் கடையும் முன்மொழியலாம். ஆனாலும் மாவட்டத்தில் உள்ள பத்து ரீஃபில் கடைகள் ஒரே பழுதைத் தேதியோடு குறித்து, சங்கத்தின் கடிதத்தாளில் அனுப்பினால் அதன் எடையே வேறு.

வரைவு எப்போது வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழுவுக்குள் சுற்றும் முதல்நிலை வரைவு, பொதுக்கருத்துக்கான வரைவு, இறுதி வரைவு என மூன்று கட்டம். நடுவில் உள்ளதுதான் உங்களுக்கான வாசல். கருத்து அனுப்பக் கடைசி நாள் அதன் முதல் பக்கத்திலேயே இருக்கும். உலக வர்த்தக அமைப்பின் நடத்தை நெறி இதற்கு 60 நாளாவது தரச் சொல்கிறது. பி.ஐ.எஸ். தளத்தில் மாதம் ஒருமுறை சி.இ.டி. 22-இன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அவசரமானது, சர்ச்சை இல்லாதது என்று குழு கருதினால் பொதுக்கருத்துச் சுற்றே இல்லாமல் போகவும் கூடும். சிறு திருத்தங்கள் பலருக்குத் தெரியாமல் நழுவுவது இங்கேதான். ஒவ்வொரு தரநிலையும் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வுக்கு வர வேண்டும். அந்த ஆண்டைக் கணக்கிட்டு முன்கூட்டியே ஆதாரம் சேர்க்கத் தொடங்குங்கள்.

பொறியாளர், கோவை: நான் அனுப்பிய கருத்துக்கு ‘குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று மட்டும் பதில் வந்தது. எங்கே தவறு?

பெரும்பாலும் எழுதிய விதத்தில்தான் சிக்கல் இருக்கும். ‘மார்க்கெட்டில் தரமில்லாத சிலிண்டர் நிறைய வருகிறது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதை வைத்துக் குழு எந்த வரியைத் திருத்தும்? கருத்துப் படிவத்தில் நான்கு கட்டங்களை முழுமையாக நிரப்ப வேண்டும்: பிரிவு எண், கருத்தின் வகை (பொது, தொழில்நுட்பம், சொல்திருத்தம்), காரணம், முன்மொழியும் வாசகம். கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கருத்து அநேகமாக அங்கேயே நின்றுவிடும்.

ஒரு மாதிரி பாருங்கள். லேபிள் எழுத்து ‘தெளிவாக இருக்க வேண்டும்’ என்று ஒரு வரைவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எது தெளிவு என்பதை ஆய்வகம் அளக்க முடியாது. ‘நீரில் நனைத்த துணியால் 15 விநாடி, பிறகு பெட்ரோலியம் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடி தேய்த்த பின்பும் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும்; லேபிள் உரியக் கூடாது’ என்று எழுதுங்கள். வீட்டு மின்சாதனத் தரநிலையில் ஏற்கெனவே உள்ள சோதனை இது. புழக்கத்தில் இருக்கும் சோதனையை எடுத்துக் கொடுத்தால் குழுவுக்குத் தயக்கம் குறையும்.

காரணக் கட்டத்தில் பழுது எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்லுங்கள். அழுத்தம் அடைத்த பவுடர் தீயணைப்பானை ஒரு விநாடி அழுத்திப் பார்த்தாலும் பவுடர் துகள் வால்வின் இருக்கையில் (வால்வு அழுந்தி மூடும் இடத்தில்) சிக்கிக்கொள்ளும். சில நாளில் அழுத்தம் கசிந்து, அழுத்தம் காட்டும் கேஜின் முள் பச்சைப் பகுதியை விட்டு இறங்கிவிடும். ‘சிறிது பயன்படுத்தினாலும் உடனே ரீஃபில் செய்க’ என்ற எச்சரிக்கையைக் கருவியின் உடலிலேயே அச்சிடச் சொல்ல இது போதுமான காரணம். கூடவே எத்தனை சிலிண்டர், எந்த ஆண்டுத் தயாரிப்பு, எத்தனை நாளில் எவ்வளவு அழுத்தம் இறங்கியது, கேஜ் எப்போது அளவுத்திருத்தம் செய்யப்பட்டது என்ற அட்டவணையை இணையுங்கள். என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வக அறிக்கை இருந்தால் இன்னும் பலம். நிறுவனத்தின் பெயரை எடுத்துவிடுங்கள். பெயர் இருந்தால் விவாதம் அந்த நிறுவனத்தைப் பற்றியதாக மாறி, உங்கள் வாசகம் பின்னுக்குப் போய்விடும்.

ஒரு படிவத்தில் பத்துக் கோரிக்கை அடுக்கினால் எளிதான சொல்திருத்தங்களை ஏற்றுக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிட வசதியாகிவிடும். முக்கியமான இரண்டு மூன்று போதும்.

குழுவில் தயாரிப்பாளர்களே ஆதிக்கம் செலுத்த மாட்டார்களா?

அந்த அபாயம் எப்போதும் உண்டு. பயன்படுத்துவோர் தரப்பு கூட்டத்துக்கு வராமல் இருப்பது அதை இன்னும் வளர்க்கிறது. தரநிலை உலகில் கருத்தொற்றுமை என்றால் அனைவரும் கைதூக்குவது இல்லை. முக்கியத் தரப்பு எதுவும் அடிப்படையான ஒன்றில் விடாப்பிடியாக எதிர்க்காமல் இருப்பதே. ஆகவே ஒரு மருத்துவமனைக் கூட்டமைப்போ நுகர்வோர் அமைப்போ காரணத்தோடு உறுதியாக நின்றால் அதைத் தாண்டிப் போவது கடினம். எதிர்ப்பைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். வாயால் சொன்னதோடு நிறுத்தினால் அடுத்த கூட்டத்தில் அது இருக்காது.

துபாயிலிருந்து: இங்கே என்.எஃப்.பி.ஏ. 10-தான் (அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தீயணைப்பான் தரநிலை) பேசப்படுகிறது. அதில் நாங்கள் தலையிட முடியுமா?

முடியும். எந்த நாட்டவரும் இணையத்தில் இலவசமாக அனுப்பலாம். முதலில் பொது உள்ளீடு, அதன்பின் முதல் வரைவு, அடுத்து பொதுக் கருத்து, பிறகு இரண்டாம் வரைவு. இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் சுற்றில் எழுப்பாத புதுவிஷயத்தை இரண்டாம் சுற்றில் கொண்டுவந்தால் அதை அடுத்த பதிப்புக்குத் தள்ளிவிடுவார்கள். பதிப்புச் சுழற்சி 3 முதல் 5 ஆண்டு என்பதால் அந்தத் தாமதம் பெரிது. அங்கே குழுவில் தயாரிப்பாளர், பயன்படுத்துவோர் என எந்த ஒரு தரப்பும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது.

தரநிலை மாறினால் தீயணைப்புத் துறையும் உடனே அதன்படிதான் கேட்குமா?

தானாக அப்படி ஆகிவிடாது. இந்தியத் தரநிலை பொதுவாக விருப்பத்துக்குரியது. மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணையோ மாநில விதியோ அதைச் சுட்டும்போதுதான் கட்டாயமாகிறது. எனவே பி.ஐ.எஸ்.ஸுக்கு எழுதும்போதே, உங்கள் மாநில விதி அந்தத் தரநிலையை ஆண்டு குறித்துச் சுட்டுகிறதா, ஆண்டு இல்லாமல் சுட்டுகிறதா என்று பாருங்கள். ஆண்டு குறித்திருந்தால் விதியைத் திருத்தும்வரை பழைய பதிப்பே அங்கு நிற்கும். மாநிலத் துறைக்குத் தனியாக இன்னொரு மனு கொடுக்க வேண்டிவரும்.

டீலர், மதுரை: புதிய பதிப்பு வந்தால் கையில் உள்ள ஸ்டாக் என்ன ஆகும்?

அரசிதழ் அறிவிப்பில் இரண்டு தேதி இருக்கும்: புதியது நடைமுறைக்கு வரும் நாள், பழையது விலக்கப்படும் நாள். இரண்டுக்கும் நடுவே இரண்டு பதிப்பும் செல்லும். அந்த இடைவெளி போதாது என்று தோன்றினால், எத்தனை மாதம் வேண்டும், ஏன் என்பதை வரைவுக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.