‘அப்யூஸ்’ என்று சொல்லும் முன்

தம்பி, வேலையில் சேர்ந்ததும் கையெழுத்துப் போடச் சொன்ன தாளில் ‘அப்யூஸ்’ என்ற சொல் பல இடங்களில் வருகிறது, அகராதியில் பார்த்தால் ‘துஷ்பிரயோகம்’ என்று இருக்கிறது, அது எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லையே, ‘மிஸ்யூஸ்’ என்பதும் இதுவும் ஒன்றுதானா என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சொல்லால் நானே ஒருமுறை சங்கடப்பட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கவுன்டரில் ஒரு வாடிக்கையாளர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டார். மேலாளரிடம் போய், “ஹி அப்யூஸ்டு மீ” என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு, என்னை உட்கார வைத்து, “உங்கள் மேல் கை வைத்தாரா? போலீஸைக் கூப்பிடட்டுமா?” என்று தணிந்த குரலில் கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திட்டினார் என்பதைத்தான் நான் சொன்னேன். நாம் படித்து வந்த ஆங்கிலத்தில் அதற்கு அந்தப் பொருள்தான். இங்கே ஒரு ஆளைப் பற்றி அப்படிச் சொன்னால், அடித்தார் அல்லது பாலியல் கொடுமை செய்தார் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். வெறும் திட்டு என்றால் ‘வெர்பல் அப்யூஸ்’ என்று சேர்த்தே சொல்லுங்கள்.

சொல்லின் வேர் லத்தீன். அதில் ‘ஊட்டி’ (uti) என்றால் பயன்படுத்துவது. யூஸ், யுடிலிட்டி எல்லாம் அதன் வழி வந்தவைதான். முன்னால் வரும் ‘அப்’ என்பதற்கு ‘விட்டு விலகி’ என்று பொருள். முறையை விட்டு விலகிய பயன்பாடு. லத்தீனில் இதற்குத் தீர்த்துக் கட்டுவது, செலவழித்து முடிப்பது என்ற பொருளும் உண்டு. பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்து, ஏமாற்றுவது என்ற பொருளிலும் வெகுகாலம் வழங்கியது. ஒருவருடைய தவறான எண்ணத்தைப் போக்குவதை ‘டிஸ்அப்யூஸ்’ என்கிறார்களே, அதில் அந்தப் பழைய பொருள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘மிஸ்’ என்பது ‘தவறாக’ என்று மட்டும் சொல்லும் முன்னொட்டு. ஸ்பேனரால் ஆணி அடித்தால் மிஸ்யூஸ். கையிலிருக்கும் அதிகாரத்தை வைத்துக் கீழே இருப்பவரை வதைத்தால் அப்யூஸ். நம் ‘துஷ்பிரயோகம்’ மிஸ்யூஸுக்கு அச்சாகப் பொருந்தும். துஷ் என்றால் கெட்ட, பிரயோகம் என்றால் பயன்பாடு. ஆளைத் துன்புறுத்துவதற்கு அந்தச் சொல் போதாது. ‘கொடுமை’ என்று படித்துப் பாருங்கள், அந்தத் தாளில் பாதி இடங்கள் தெளிவாகிவிடும்.

உச்சரிப்பும் முக்கியம். பெயர்ச்சொல்லாக வரும்போது கடைசியில் ‘பஸ்’ஸில் வரும் ஒலி, வினையாக வரும்போது ‘ரோஸ்’ பூவில் வருகிற அதிரும் ஒலி.

அப்புறம், குடிக்கும் போதைக்கும் அடிமையானவரை ‘அப்யூஸர்’ என்று சொல்லிவிடாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் ‘சப்ஸ்டன்ஸ் அப்யூஸ்’ என்ற பெயரைக் கைவிட்டு, ‘சப்ஸ்டன்ஸ் யூஸ் டிஸார்டர்’ (போதைப்பொருள் பயன்பாட்டுக் கோளாறு) என்று மாற்றிவிட்டது. நோயாளியைக் குற்றவாளி போலப் பேசும் சொல் அது, மாறியது நல்லதுதான்.

நாளைக்கு உங்களை யாராவது திட்டினால், புகாரில் இந்தச் சொல்லை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, எத்தனை மணிக்கு, யார் முன்னால் என்பதையும் குறித்துக் கொடுங்கள்.